கல்லில் உள்ள சுண்ணாம்பு எவ்வளவு?



பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குவதைக் காணலாம். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கி, காலங்காலமாக வளர்த்த விழுதுகள் அவை. அந்த மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்து, பிறகு இறுகி, உயர்ந்து நிற்பது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் குன்றுகளும், வடக்கே பெர்லிஸ், லங்காவிப் பகுதிக் குன்றுகள் பலவும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

சுண்ணாம்புக்கல் என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். ஆனால் எல்லாச் சுண்ணாம்புக்கல்லும் ஒன்றல்ல. ஒன்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கும். இன்னொன்றில் களிமண்ணும் மணலும் கலந்து அறுபது பங்குதான் தேறும். வேறொன்றில் கால்சியத்தோடு மக்னீசியமும் கூட்டுச் சேர்ந்திருக்கும். சிமெண்டு ஆலைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கும் கல்லையே, தோட்டக்காரர் இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவதும் உண்டு. ஆகவே, கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எவ்வளவு இருக்கிறது, எந்த வகையாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அதை எப்படி அளந்து சொல்கிறார்கள் என்பதை இன்று நாம் காண்போம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். நாம் சுண்ணாம்புச் சத்து என்று சொல்வதை அறிவியலார் கார்பனேட் என்பார்கள். கால்சியம் போன்ற ஓர் உலோகமும், கரியும், பிராணவாயுவும் சேர்ந்த பொருள் அது. கால்சியம் கார்பனேட் படிகமாக இறுகினால் கால்சைட் எனப்படும். கிளிஞ்சல், பவளம் ஆகியவற்றில் அதே பொருள் வேறு படிக அமைப்பில் இருக்கும்போது அரகோனைட் என்று பெயர். கால்சியமும் மக்னீசியமும் சரிபாதியாகச் சேர்ந்தால் அது டோலமைட். கற்களிலும், ஆற்று வண்டலிலும், கடலடிச் சேற்றிலும் நாம் பெரும்பாலும் சந்திப்பவை இந்த மூன்றுமே.

இவற்றைக் கண்டுகொள்ள மண்ணியலார் சட்டைப் பையிலேயே ஒரு சிறு புட்டி வைத்திருப்பார்கள். அதில் இருப்பது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டால், கால்சைட்டாக இருந்தால் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். அந்த நுரையில் இருப்பது கரியமில வாயு. அமிலம் கார்பனேட்டை உடைத்து, அதில் அடைபட்டிருந்த கரியமில வாயுவை வெளியே விரட்டுகிறது. வீட்டில் முட்டை ஓட்டின் மேல் புளிக்காடியை, அதாவது வினிகரை ஊற்றிப் பார்த்தால், இதே செயல் மெதுவாக நடப்பதைக் காணலாம். முட்டை ஓடும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான்.

நல்ல சோதனைதான், ஆனால் அதை நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது. பத்து விழுக்காடு சுண்ணாம்புள்ள கல்லும் நுரைக்கும். தொண்ணூறு விழுக்காடு உள்ள கல்லும் நுரைக்கும். கண்ணால் பார்த்து எது எவ்வளவு என்று சொல்ல இயலாது. டோலமைட்டோ இன்னும் அழுத்தமான பேர்வழி. குளிர்ந்த நீர்த்த அமிலத்தை அதன் மேல் விட்டால் ஏதோ தண்ணீர் பட்டது போல் சும்மா இருக்கும். அதைப் பொடியாக்கினாலோ, அமிலத்தைச் சூடாக்கினாலோதான் நுரைக்கும். 1791-ஆம் ஆண்டில் டோலோமியோ என்ற பிரெஞ்சு மண்ணியலார், அமிலத்துக்கு மிகக் குறைவாகவே நுரைக்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று எழுதினார். அவருடைய பெயரே பிறகு அந்தக் கல்லுக்கு நிலைத்துவிட்டது.

அப்படியானால் எண்ணால் சொல்வதற்கு என்ன வழி? அந்த வழியைத் திறந்துவிட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக். சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் மருந்து தேடிய மருத்துவ மாணவர் அவர். 1750-களில் மக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கி, சூடாக்கும் முன்பும் பின்பும் தராசில் நிறுத்துப் பார்த்தார். எடை வெகுவாகக் குறைந்திருந்தது. எங்கே போயிற்று? காற்றாகப் போயிற்று என்று அவர் கண்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த ஒரு வகைக் காற்று, நெருப்பாலும் அமிலத்தாலும் விடுதலை பெறுகிறது என்பதைத் தராசைக் கொண்டே நிறுவினார். 1756-இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. நாம் கரியமில வாயு என்று சொல்வது அந்தக் காற்றைத்தான்.

சுண்ணாம்புக் காளவாயை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கிளிஞ்சலையோ கல்லையோ காளவாயில் சுட்டு எடுத்தால், போட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் எடை மிஞ்சும். அதற்குக் கணக்கு இருக்கிறது. தூய கால்சியம் கார்பனேட் 100 கிராம் எடுத்தால், அதில் 44 கிராம் கரியமில வாயு. மீதி 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இந்தக் கணக்கு உலகெங்கும் ஒன்றே. எனவே வெளியேறிய கரியமில வாயுவை அளந்துவிட்டால், உள்ளே இருந்த கார்பனேட்டைச் சொல்லிவிடலாம். கல்லை விட்டுப் போனதைக் கொண்டு கல்லில் இருந்ததை அறிவதுதான் இந்த அளவையின் அடிப்படை. அளக்கும் முறைகள் பலவாக இருந்தாலும் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் கிளைகளே.

எளிய முறை தராசு முறை. உலர்த்திப் பொடியாக்கிய கல்லில் ஒரு கிராம் எடுத்துக் குடுவையில் போடுகிறோம். குடுவை, கல் பொடி, தனிச் சிமிழில் அமிலம் ஆகிய மூன்றையும் சேர்த்து நிறுக்கிறோம். பிறகு அமிலத்தைப் பொடியின் மேல் மெல்ல ஊற்றி, நுரைத்து அடங்கிய பின் மறுபடி நிறுக்கிறோம். எடையில் 0.33 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 44-க்கு 100 என்றால் 0.33-க்கு எவ்வளவு? 0.75. அந்தக் கல்லில் நூற்றுக்கு 75 பங்கு கால்சியம் கார்பனேட்.

இவ்வளவு சுலபமா என்று தோன்றும். ஆனால் பிழை புகும் வாசல்களும் இங்கே உண்டு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது தானாக எழுந்து போய்விடாமல், பானையில் தண்ணீர் நிற்பது போலக் குடுவைக்குள்ளேயே தங்கும். 100 மில்லி லிட்டர் குடுவையில் காற்று இருந்த இடத்தைக் கரியமில வாயு நிரப்பி நின்றால், எடை ஏறத்தாழ 0.06 கிராம் கூடுதலாகக் காட்டும். தூய கால்சைட் ஒரு கிராமுக்கு நாம் தேடும் குறைவே 0.44 கிராம்தான். அதில் 0.06 தவறினால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு போயிற்று. ஆகவே, உலர்ந்த காற்றை மெல்ல ஊதி அந்த வாயுவை வெளியேற்றிய பிறகே நிறுக்க வேண்டும். அமிலத்தை அவசரப்பட்டு ஊற்றினாலோ, நுரையோடு அமிலத் துளிகளும் தெறித்துப் போகும். அப்போது எடை கூடுதலாகக் குறைந்து, இல்லாத சுண்ணாம்பை இருப்பதாகக் காட்டும்.

இரண்டாவது, வாயுவின் கன அளவை அளக்கும் முறை. இதற்கான கருவிக்குக் கால்சிமீட்டர் என்று பெயர். மூடிய குடுவையில் கல்லும் அமிலமும் கலக்கின்றன. பிறந்த வாயு ஒரு குழாய் வழியே சென்று, அளவுக்கோடுகள் போட்ட கண்ணாடிக் குழலில் உள்ள நீரைக் கீழே தள்ளுகிறது. எவ்வளவு நீர் இறங்கியது என்று பார்த்துக் கணக்கிடலாம். ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். மண் ஆய்வுக் கூடங்களில் இது பழகிய கருவி.

இங்கே நம் நாட்டு வெப்பம் ஒரு வேலை செய்கிறது. ஒரு கிராம் தூய கால்சைட் தரும் வாயு, பூச்சியம் டிகிரி வெப்ப நிலையில் 224 மில்லி லிட்டர் இடத்தை அடைக்கும். 30 டிகிரி செல்சியஸில் அதே வாயு விரிந்து 249 மில்லி லிட்டர் ஆகிவிடும். இனி, 90 விழுக்காடு கார்பனேட் உள்ள ஒரு கல்லை நம் ஊர் வெப்பத்தில் சோதிக்கிறோம். அது தரும் வாயு 224 மில்லி லிட்டர். வெப்பத்தைக் கருதாமல் பூச்சியம் டிகிரிக்கான அட்டவணையைப் பார்த்தால், இது நூறு விழுக்காடு தூய கல் என்று எழுதிவிடுவோம்! கருவியும் சரி, கையும் சரி. விடை மட்டும் தவறு. போதாததற்கு, குழலில் உள்ள நீர் ஆவியாகி, 30 டிகிரியில் அளவை மேலும் நான்கு விழுக்காடு ஊதிக் காட்டும். இன்னொரு பக்கம், கரியமில வாயு நீரில் கரையும் குணம் உள்ளதால் அளவு குறையவும் கூடும். அதனால்தான் வெறும் நீருக்குப் பதிலாக, உப்பும் சிறிது அமிலமும் கலந்த நீரை வைக்கிறார்கள். அதில் வாயு அவ்வளவாகக் கரையாது.

இத்தனை திருத்தங்களையும் தனித்தனியே செய்வதைவிட நல்ல உபாயம் ஒன்று உண்டு. தூய கால்சியம் கார்பனேட்டை நிறுத்து எடுத்து, அதே நாளில், அதே அறையில், அதே கருவியில் முதலில் சோதித்துவிடுவது. அது எவ்வளவு வாயு தருகிறதோ அதை நூறு என்று வைத்து, மற்ற மாதிரிகளை அதோடு ஒப்பிடுவது. வெப்பம், காற்றழுத்தம், நீராவி ஆகியவை இரண்டையும் ஒன்றாகவே பாதிப்பதால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சந்தையில் தராசைச் சரிபார்க்க முத்திரைப் படிக்கல்லை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

மூன்றாவது முறை வாயுவைத் தேடுவதில்லை. செலவான அமிலத்தைக் கணக்கிடுகிறது. ஒரு கிராம் தூய கால்சியம் கார்பனேட், ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 மில்லி லிட்டரைத் தின்றுவிடும். கல் பொடியில் 25 மில்லி லிட்டர் அமிலத்தை ஊற்றிச் சூடாக்குகிறோம். எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு நடுநிலையாக்கிப் பார்க்கிறோம். 9 மில்லி லிட்டர் மிச்சம் என்றால் கல் தின்றது 16. இருபதுக்குப் பதினாறு, அதாவது 80 விழுக்காடு. தோட்டத்தில் புளிப்பேறிய மண்ணைத் திருத்தச் சுண்ணாம்புத் தூள் வாங்குபவருக்கு இந்த எண்தான் முதலில் தேவை. ஏனென்றால் அமிலத்தை அடக்கும் ஆற்றலுக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

நான்காவது முறை நெருப்பு முறை. ஏரிச் சேறு, ஆற்று வண்டல் போன்றவற்றுக்கு இது கை கொடுக்கும். உலர்ந்த சேற்றை உலையில் 550 டிகிரி வரை சூடாக்கினால் இலை, வேர் முதலிய உயிர்ப்பொருள் எரிந்து போகும். எடை பார்த்துக்கொண்டு, மறுபடி 950 டிகிரிக்குக் கொண்டு போனால் கார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேறும். இரண்டாம் முறை குறைந்த எடையே நமக்கு வேண்டியது. பல மாதிரிகளை ஒரே நேரத்தில் உலையில் வைக்கலாம் என்பது இதன் வசதி. ஆனால் களிமண் மிகுந்த சேறாக இருந்தால், களிமண்ணின் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரும் அந்தச் சூட்டில் வெளியேறும். நெருப்புக்கு நீர் வேறு, வாயு வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் களிமண் மிகுந்த, சுண்ணாம்பு குறைந்த மாதிரிகளில் இந்த எண்ணை அப்படியே நம்பலாகாது.

நேயர்களே, இனி ஒரு புதிரைப் பார்ப்போம். ஒரு கல்லைத் தராசு முறையில் சோதித்தோம். விடை நூற்றுக்கு நூற்றெட்டரை என்று வந்தது. நூறு பங்கில் எப்படி நூற்றெட்டரைப் பங்கு இருக்க முடியும்? பிழை என்று தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா? கூடாது. அந்தக் கல் தன் பெயரைச் சொல்லுகிறது. கால்சைட்டில் கரியமில வாயு 44 விழுக்காடு. டோலமைட்டிலோ ஏறத்தாழ 47.7 விழுக்காடு. மக்னீசியம் கால்சியத்தைவிட எடை குறைந்த உலோகம் என்பதால், ஒரே எடைக் கல்லில் வாயுவின் பங்கு கூடிவிடுகிறது. டோலமைட்டைக் கால்சைட் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் நூற்றெட்டரை வரும். நூற்றைத் தாண்டிய விடை வந்தால், மக்னீசியம் இருக்கிறதா பார் என்று பொருள்.

இரண்டும் கலந்த கல்லானால் பிரித்தறிய வேறு வழிகள் உண்டு. ஒன்று, நேரத்தைக் கவனிப்பது. நன்றாகப் பொடித்த கால்சைட் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலான வாயுவைக் கொடுத்துவிடும். டோலமைட் பத்து இருபது நிமிடங்களுக்கு மேலும் மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டிருக்கும். முதலில் வந்ததையும் பின்னால் வந்ததையும் தனித்தனியே குறித்தால் இரண்டின் பங்கும் ஏறக்குறையத் தெரியும். இன்னொன்று சாயம் ஏற்றுவது. அலிசரின் ரெட் என்ற சாயத்தை நீர்த்த அமிலத்தில் கரைத்துக் கல்லின் வழவழப்பான முகத்தில் பூசினால், கால்சைட் சிவக்கும். டோலமைட் நிறம் மாறாது. துல்லியமாக வேண்டுவோர் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு படிகமும் தனக்கே உரிய கோணத்தில் கதிரைத் திருப்பி அனுப்புவதால், கைரேகை பார்ப்பது போல இனத்தைக் கண்டுகொள்ளலாம்.

முறை எதுவானாலும், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மாதிரி எடுப்பதுதான் அது. ஒரு குன்றிலிருந்து கைக்கு எட்டிய ஒரே கல்லை எடுத்துவந்து ஆறு முறை அளந்தாலும், அந்தக் கல்லைப் பற்றித்தான் தெரியுமே தவிரக் குன்றைப் பற்றித் தெரியாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். கல் அப்படிச் சீராக இருப்பதில்லை. பல இடங்களில் எடுத்து, உடைத்து, கலந்து, குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க வேண்டும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்து கடைசியில் மிஞ்சும் ஒரு பிடியே குன்றின் சார்பாகப் பேசத் தகுதியுள்ளது. அதையும் 105 டிகிரியில் உலர்த்திய பிறகே நிறுக்க வேண்டும். பத்து விழுக்காடு ஈரம் இருந்தால், அந்தப் பத்தும் கல்லின் கணக்கில் சேர்ந்து விடையைக் குறைத்துவிடும்.

இவ்வளவு கவனம் எதற்கு? அந்த எண்ணை நம்பி ஒருவர் காரியம் செய்யப் போகிறார் என்பதற்காகத்தான். சிமெண்டு ஆலையில் உலைக்குப் போகும் கலவையில் கால்சியம் கார்பனேட் ஏறத்தாழ முக்கால் பங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அதில் இரண்டொரு விழுக்காடு தவறினாலும் சிமெண்டின் வலிமை மாறும். மக்னீசியம் அளவுக்கு மிஞ்சினால் இன்னும் தொல்லை. அது சிமெண்டில் உடனே நீரோடு சேராமல், கட்டடம் இறுகி நெடுநாள் ஆன பிறகு மெல்ல நீரை ஏற்றுப் பருத்து, வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் பல நாடுகளின் தர விதிகள் மக்னீசியம் ஆக்சைடுக்கு ஐந்து, ஆறு விழுக்காடு என்று எல்லை வகுத்திருக்கின்றன.

தோட்டக்காரரின் கதை வேறு. கனத்த மழை பெய்யும் நம் நாட்டில் மண்ணிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்டு மண் புளிப்பேறுகிறது. புளிப்பு மிகுந்தால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். சுண்ணாம்புத் தூள் அதைத் தடுக்கிறது. மக்னீசியம் குறைந்தால் செம்பனையின் முதிர்ந்த ஓலைகள் ஆரஞ்சு நிறமாக மாறுவதும் தெரிந்ததே. அவருக்கு மக்னீசியம் கலந்த தூள் ஒரே மூட்டையில் இரண்டு பயன் தரும். ஆனால் அவர் வாங்கிய தூளின் ஆற்றல் எழுபது விழுக்காடுதான் என்றால், ஒரு டன் தூய சுண்ணாம்பின் வேலைக்கு ஒன்றேகால் டன்னுக்கும் மேல், ஏறத்தாழ 1.43 டன் போட வேண்டியிருக்கும். எண் தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், மலிவாக வந்த மூட்டை கடைசியில் விலை கூடியதாக முடியும்.

நிலத்தில் மட்டுமல்ல, கடலடியிலும் இந்த எண் பேசுகிறது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த சேலஞ்சர் என்ற கப்பல், கடலடிச் சேற்றை அள்ளி எடுத்துப் பார்த்தது. நடுத்தர ஆழங்களில் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைந்த வெளிர்ச் சேறு கிடைத்தது. மிக ஆழமான இடங்களிலோ சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லாத செங்களிமண். ஓடுகள் மேலிருந்து விழாமல் இல்லை. குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த, கரியமில வாயு செறிந்த ஆழ்நீர் அவற்றைக் கரைத்துவிடுகிறது. இந்த எல்லை கடலுக்குக் கடல் மாறினாலும் பொதுவாக 4,000 முதல் 5,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடியைத் துளைத்து எடுத்த நீண்ட சேற்றுத் தூண்களில், அடுக்குக்கு அடுக்கு கார்பனேட்டை அளந்து, அந்த எல்லை பழங்காலத்தில் ஏறியதையும் இறங்கியதையும் படிக்கிறார்கள். இன்று மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொண்டு, அதனால் சிறிது சிறிதாகப் புளிப்பை நோக்கி நகர்ந்து வருகிறது. பவளத்துக்கும் கிளிஞ்சலுக்கும் என்ன நேரும் என்று அறிய, அந்தப் பழைய சேற்றின் கணக்கேடு தேவைப்படுகிறது.

மாணவ நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பள்ளி ஆய்வுக் கூடத்தில் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கண்ணாடி அணியாமல், ஆசிரியர் அருகில் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கவும் கூடாது. பத்துமலை போன்ற இடங்களில் கல்லை உடைத்து எடுத்து வர வேண்டிய தேவையும் இல்லை. காலையில் உடைத்த முட்டையின் ஓடு போதும். அதைக் கழுவி, உட்தோலை உரித்து, உலர்த்திப் பொடியாக்கித் தராசு முறையில் அளந்து பாருங்கள். விடை ஏறத்தாழ 95 விழுக்காட்டை ஒட்டி வர வேண்டும். எழுபது என்று வந்தால் முட்டையைக் குறை சொல்ல வேண்டாம். ஈரம் இருந்ததா, வாயு குடுவையில் தங்கியதா, அமிலம் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எந்தப் பிழை எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்துகொண்டவர் எழுதும் எண்ணைத்தான் ஆலைக்காரரும் தோட்டக்காரரும் நம்பி வாங்க முடியும்.